50 மி.மீ. லென்ஸ் வாங்கும்போது: பழைய பதிப்பா, புதிய பதிப்பா?

பொங்கல் முடிந்து வேலூர்ப் பக்கத்து ஊர்களில் காளை விடும் விழா தொடங்கும்போதும், வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கும்போதும் ஒரே கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, கேமராகூட வந்த லென்ஸ் பத்தல. 50 மி.மீ. ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பழைய மாடல் கம்மி விலைக்குக் கிடைக்குது. அதே 50, அதே 1.8. அப்புறம் புதுசு எதுக்கு?"

நியாயமான கேள்விதான். இதற்கு "புதுசையே வாங்கு" என்றோ "பழசே கெட்டி" என்றோ ஒரே வரியில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. உங்களிடம் எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) இருக்கிறது என்று கேட்காமல் இதற்குப் பதிலே கிடையாது. அதனால் கொஞ்சம் அடியிலிருந்தே சொல்கிறேன்.

கிட் லென்ஸ் என்று நாம் சொல்லும் 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால், பெரும்பாலும் அதன் அப்பெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பு, எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். இந்த எஃப் எண் ஒரு வகுத்தல் கணக்குதான். லென்ஸின் குவிய தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் திறப்பின் விட்டம் வரும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 28 மி.மீ. 5.6-ஆல் வகுத்தால் 9 மி.மீ. கூட வராது. பரப்பளவாகப் பார்த்தால் ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே வருகிறது. கிட் லென்ஸில் ஷட்டர் வேகம் 1/15 நொடி என்று காட்டி, கை ஆடி மங்கலாகப் போன படத்தை, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) தொடாமலே 1/125 நொடியில் எடுத்துவிடலாம்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். யாளியும் குதிரைமேல் வீரனுமாக ஒவ்வொரு தூணும் ஒரு வேலைப்பாடு. ஆனால் மண்டபத்தின் உட்பக்கத் தூண்களுக்கு வரும் வெளிச்சம் குறைவு. தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் இடங்களில் முக்காலி (டிரைபாட்) வைக்கத் தனி அனுமதி வேண்டும். படம் எடுக்க விடும் இடத்தில் கேமராவைக் கையில் பிடித்தபடியே எடுத்தாக வேண்டும் என்றால், அந்த 1.8 எவ்வளவு பெரிய உதவி என்பது முதல் படத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 50 மி.மீ. லென்ஸை ஸ்டாண்டர்ட் லென்ஸ் என்று சொல்வது 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரை வைத்து. அந்தச் செவ்வகத்தின் மூலைக்கு மூலை அளவு சுமார் 43 மி.மீ.; அதற்கு அருகில் இருக்கும் குவிய தூரம் இயல்பான பார்வையைத் தரும் என்பது வழக்கு. நம்மில் பலரிடம் இருப்பது அதைவிடச் சின்னதான க்ராப் சென்சார் கேமரா. அதில் இதே லென்ஸ் நிக்கானில் 75 மி.மீ. போலவும், கேனானில் 80 மி.மீ. போலவும் காட்சியைக் குறுக்கிவிடும். தூணில் இருக்கும் யாளியின் முகம் அருமையாக வரும். முழுத் தூணும் வேண்டுமென்றால் பின்னால் நகர இடம் இருக்காது. வீட்டுக்குள் குடும்பப் படம் எடுப்பதுதான் உங்கள் முக்கியத் தேவை என்றால், 50-ஐ விட்டுவிட்டு நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸையோ கேனானின் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் லென்ஸையோ பாருங்கள். ஆளை எடுக்கத்தான் லென்ஸ் என்றால் 50 சரி.

மோட்டார் எங்கே இருக்கிறது?

பழையது, புதியது என்ற குழப்பத்துக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆட்டோஃபோகஸ் என்றால் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளை ஒரு மோட்டார் முன்னும் பின்னும் நகர்த்துகிறது. அந்த மோட்டாரை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கம்பெனிகளும் இரண்டு வழியில் போயின. கேனான் 1987-ல் தன் பழைய எஃப்டி மவுண்டை (லென்ஸைப் பாடியில் மாட்டும் வளைய அமைப்பை) மொத்தமாகக் கைவிட்டு, இஎஃப் என்ற புதிய மவுண்டைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் ஒரு மோட்டார். பாடிக்கும் லென்ஸுக்கும் இடையில் போவது மின்சாரமும் தகவலும் மட்டும். நிக்கானோ 1959-ல் தொடங்கிய எஃப் மவுண்டை விடவில்லை. ஆட்டோஃபோகஸ் வந்தபோது மோட்டாரை பாடிக்குள் வைத்தது. மவுண்ட் வளையத்தின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒரு சின்னத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்புறம் இருக்கும் பள்ளத்தில் அது பொருந்திச் சுழலும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் வைத்த ஏஎஃப்-எஸ் வகை பிறகுதான் வந்தது.

இதன் விளைவு என்ன? கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் 1987-க்குப் பிறகு வந்த எந்த இஎஃப் 50 லென்ஸை வாங்கினாலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். நிக்கான்காரருக்கு அப்படி இல்லை. 2006-ல் வந்த டி40 தொடங்கி, டி3000 வரிசை, டி5000 வரிசை பாடிகளில் நிக்கான் அந்த மோட்டாரை எடுத்துவிட்டது. டி3500, டி5600 எல்லாம் இந்தக் கூட்டம்தான். கல்லூரிப் பிள்ளைகள் கையில் அதிகம் இருப்பதும் இவைதான். இவற்றில் உள்ளே மோட்டார் இல்லாத நிக்கானின் பழைய 50 மி.மீ. 1.8டி லென்ஸை மாட்டினால் படம் எடுக்கலாம், வெளிச்சத்தையும் கேமரா சரியாக அளக்கும். ஆனால் ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருப்ப வேண்டும். வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி நின்று எரிந்தால் ஃபோகஸ் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அசையாமல் இருக்கும் பொருளுக்கு இது போதும். தாலி கட்டும் நொடிக்கு இதை நம்பி நிற்காதீர்கள்.

பாடியின் மவுண்டைத் திறந்து பாருங்கள். அந்தச் சின்னத் தண்டு இருந்தால் மோட்டார் இருக்கிறது. டி90, டி7000 வரிசை, டி610, டி750 போன்றவற்றில் இருக்கும். கடைக்காரர் என்ன சொன்னாலும் உங்கள் கண் பார்ப்பதை நம்புங்கள்.

கேனானின் மூன்று பதிப்புகள்

கேனான் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 இதுவரை மூன்று உருவத்தில் வந்திருக்கிறது. 1987-ல் வந்த முதல் பதிப்பில் உலோக மவுண்ட் உண்டு. தூரம் காட்டும் சின்ன ஜன்னலும் உண்டு. 1990 கடைசியில் வந்த இரண்டாம் பதிப்பில் விலையைக் குறைக்க இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மவுண்டே பிளாஸ்டிக். எடை 130 கிராம்தான். இருபத்தைந்து ஆண்டுக்கு அருகில் சந்தையில் இருந்ததால், செகண்ட் ஹேண்டில் அதிகம் சிக்குவது இதுதான். 2015-ல் வந்த எஸ்டிஎம் பதிப்பு மூன்றாவது. உலோக மவுண்ட் திரும்பி வந்தது. எடை 160 கிராம்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மூன்றிலும் கண்ணாடி அமைப்பு ஒன்றேதான். ஆறு கண்ணாடி, ஐந்து தொகுதி. கண்ணாடிமேல் பூசும் கோட்டிங்கை மட்டும் எஸ்டிஎம்மில் மாற்றியிருக்கிறார்கள். எதிர்வெயிலில் எடுக்கும்போது அதனால் கொஞ்சம் நன்மை உண்டு. மற்றபடி மூன்றையும் எஃப் 5.6-ல் வைத்து ஒரே சுவரை எடுத்து என் முன்னால் போட்டால், எது எந்த லென்ஸ் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே "புதுசில் படம் ஷார்ப்பாக வரும்" என்று யாராவது சொன்னால், அந்தக் காரணத்துக்காகப் பணத்தைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கூடுதல் பணம் வேறு காரணங்களுக்காகத் தகும். அதில் முதலாவது மோட்டார். இரண்டாம் பதிப்பின் மோட்டார் ஒவ்வொரு முறை ஃபோகஸ் செய்யும்போதும் கொர்ரென்று சத்தம் போடும். போட்டோவுக்குப் பரவாயில்லை. வீடியோ எடுத்தால் கேமராவின் மைக்கில் அந்தச் சத்தம் அப்படியே பதியும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது முன்னும் பின்னும் போய்த் தேடிக்கொண்டே இருக்கும். எஸ்டிஎம்மின் ஸ்டெப்பிங் மோட்டார் வழுக்கிக்கொண்டு போகும். வீடியோவில் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு மாறுவது கண்ணை உறுத்தாது. உங்கள் வேலையில் பாதிக்குப் பாதி வீடியோ என்றால் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, எஸ்டிஎம்தான்.

அடுத்து, எவ்வளவு அருகில் போகலாம் என்பது. இரண்டாம் பதிப்பு 45 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. எஸ்டிஎம் 35 செ.மீ. வரை வரும். பத்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆம்பூரில் மேசை முன் உட்கார்ந்து பிரியாணித் தட்டை எடுத்துப் பாருங்கள். பழையதில் ஃபோகஸ் விழுவதற்கு நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். அப்போதும் தட்டோடு சேர்ந்து பக்கத்துத் தண்ணீர் டம்ளரும் வந்துவிடும். புதியதில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கறித்துண்டும் அதைச் சுற்றிய அரிசியும் திரையை நிறைக்கும். நகை, ஷூவின் தையல், குழந்தையின் விரல் என்று எடுப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

பிறகு திறப்பைச் சுருக்கி விரிக்கும் அப்பெர்ச்சர் இதழ்கள். பழையதில் ஐந்து நேரான இதழ், புதியதில் ஏழு வளைந்த இதழ். 1.8-லேயே வைத்து எடுத்தால் இரண்டிலும் பின்னணி விளக்குகள் உருண்டையாகத்தான் தெரியும். முகம் முழுக்கத் தெளிவாக வேண்டும் என்று திறப்பைச் சுருக்கி 2.8-க்கு இறக்கினால், பழையதில் அதே விளக்குகள் ஐங்கோணமாக மாறும். திருவிழாவில் தெருவெல்லாம் சீரியல் செட் போட்டிருக்கும்போது சாமி தூக்குபவரை எடுத்தால், அவர் பின்னால் நூறு ஐங்கோணங்கள் மிதக்கும். எனக்கு அது பிடிக்காது; பிடிக்கும் என்பவர்களும் உண்டு. எஃப் 16-க்கு இறக்கி தெருவிளக்கை எடுத்தால் கிளம்பும் கதிர்களின் எண்ணிக்கையும் இதனால்தான் மாறுகிறது. இதழ்கள் ஒற்றைப்படை என்றால் கதிர்கள் இரட்டிப்பு: ஐந்துக்குப் பத்து, ஏழுக்குப் பதினான்கு.

உறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் பதிப்பு கீழே விழுந்தால் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாகக் கழன்றுவிடும் என்று பெயரெடுத்தது. கூட்டத்தில் இடிபட்டு நின்று எடுப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. எஸ்டிஎம்மிலும் ஒரு குறை உண்டு: ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும். அப்படி நீண்டிருக்கும்போது கேமராவை அணைத்துவிட்டால் பல பாடிகளில் அது அப்படியே நின்றுவிடும். ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில் வேலை செய்வதால் கையால் உள்ளே திருப்பவும் முடியாது. பையில் போடுவதற்கு முன் தூரத்தில் எதையாவது ஃபோகஸ் செய்து குழலை உள்ளே இழுத்துவிட்டு அணையுங்கள். ஹூட் மாட்டிவைத்தால் இன்னும் நல்லது.

என் தீர்ப்பு: கேனான் டிஎஸ்எல்ஆருக்கு எஸ்டிஎம் வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு ஃபில்டரும் ஹூடும் வாங்கும் காசுக்குள் இருந்தால் இரண்டாம் பதிப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். நல்ல நிலையில் முதல் பதிப்பு யாரிடமாவது கிடைத்தால், போட்டோ மட்டும் எடுப்பவர் தாராளமாக வாங்கலாம்.

நிக்கானில் டி-யா, ஜி-யா?

பாடியில் மோட்டார் இல்லாதவர்களுக்கு, மேலே சொன்ன காரணத்தால், ஒரே பதில்தான்: உள்ளேயே மோட்டாரோடு 2011-ல் வந்த ஏஎஃப்-எஸ் 50 மி.மீ. 1.8ஜி. மோட்டார் உள்ளவர்களுக்கு உண்மையிலேயே இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

கேனானைப் போல அல்லாமல் நிக்கானில் கண்ணாடி அமைப்பே மாறிவிட்டது. 1.8டி ஆறு கண்ணாடி கொண்ட பழைய வடிவம். 1.8ஜி-யில் ஏழு, அதில் ஒன்று ஆஸ்ஃபெரிக்கல், அதாவது சீரான கோள வளைவு இல்லாத கண்ணாடி. எஃப் 1.8-ல் திறந்து எடுக்கும்போது படத்தின் ஓரங்களில் ஜி மேலானது. ஃபுல் ஃபிரேமில் இது நன்றாகத் தெரியும். க்ராப் சென்சார் ஓரத்தை வெட்டிவிடுவதால் அவ்வளவாகத் தெரியாது. 4, 5.6 என்று இறக்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். பின்னணி விளக்குகள் விஷயத்தில் ஜி-யின் இதழ்கள் வளைந்தவை, டி-யின் ஏழும் நேரானவை.

வேகத்தில் ஜி-தான் முந்தும் என்று நினைக்க வேண்டாம். டி750 போல வலுவான மோட்டார் உள்ள பாடியில் டி விறுவிறுவென்று ஓடும். சத்தம் மட்டும் கேட்கும். காளை விடும் விழாவில் இதை நன்றாகப் பார்க்கலாம். அவிழ்த்துவிட்ட காளை தெருவைக் கடக்க எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் பரிசு. உங்களுக்குக் கிடைப்பதும் அந்தச் சில நொடிகள்தான். இதில் எந்த 50-ஐயும் நம்பிக் காளையைத் துரத்தாதீர்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, காளை கடக்கப்போகும் தரையில் ஒரு புள்ளியை முன்கூட்டியே ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, எஃப் 4 அல்லது 5.6 வைத்துக் காத்திருங்கள். காளை அந்தப் புள்ளிக்கு வரும்போது அடுத்தடுத்து நாலைந்து படம். பட்டப்பகல் வெயிலில் இதற்கு 1.8 தேவையே இல்லை. பழைய லென்ஸ், புதிய லென்ஸ் என்ற பேச்சும் இங்கே எடுபடாது.

டி லென்ஸ் வாங்கியவர்கள் முதல் நாளே பயந்துபோகும் ஒரு விஷயம்: திரையில் எஃப்-இ-இ என்று மின்னும், ஷட்டர் அழுந்தாது. லென்ஸ் கெட்டுவிடவில்லை. டி-யில் அப்பெர்ச்சர் வளையம் உண்டு. அதை 22-ல் வைத்துப் பக்கத்துப் பூட்டைத் தள்ளிவிட்டால் சரியாகிவிடும். ஜி-யில் அந்த வளையமே கிடையாது. பழைய ஃபிலிம் நிக்கான் ஒன்று வீட்டில் இருந்து அதிலும் போட ஆசை என்றால், அந்த வளையத்துக்காகவே டி-யை வாங்கலாம்.

மிரர்லெஸ் பக்கம் போகும் எண்ணம் இருந்தால்

இரண்டு கம்பெனியும் 2018-ல் புதிய ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் (டிஎஸ்எல்ஆரில் உள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத கேமரா) மவுண்டைக் கொண்டுவந்தன: கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட். பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் வைத்து மாட்டலாம். கேனானில் இஎஃப் 50 எந்தப் பதிப்பும் ஆட்டோஃபோகஸோடு ஓடும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஸ்க்ரூ மோட்டார் கிடையாது. அதனால் ஜி ஓடும், டி கையால்தான். இரண்டு வருடத்தில் பாடியை மாற்றும் திட்டம் உள்ள நிக்கான்காரர், இன்று மோட்டார் உள்ள பாடி வைத்திருந்தாலும் ஜி-க்குப் போவதே புத்திசாலித்தனம்.

அப்பா காலத்து கேனான் எஃப்டி லென்ஸ் அலமாரியில் கிடக்கிறது என்று சிலர் கொண்டுவருவார்கள். டிஎஸ்எல்ஆரில் அது ஒத்துவராது. எஃப்டி லென்ஸ் சென்சாரிலிருந்து 42 மி.மீ. தூரத்தில் உட்கார வேண்டியது. இஎஃப் பாடியின் மவுண்டே 44 மி.மீ. தள்ளி இருக்கிறது. இடையில் ஒரு கண்ணாடி வைக்காமல் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது. ஆர்எஃப் மவுண்ட் 20 மி.மீ.தான் என்பதால் அங்கே அதே லென்ஸ் சாதாரண அடாப்டரில் அழகாக வேலை செய்யும், மேனுவல் ஃபோகஸில்.

செகண்ட் ஹேண்ட் என்றால் அந்த ஒரு பீஸைப் பாருங்கள்

பதிப்பைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பழைய லென்ஸ் வாங்குபவருக்கு முக்கியம் கையில் இருக்கும் அந்த ஒரு பீஸின் நிலைமை. இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, போன் டார்ச்சைப் பின்பக்கம் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நாலு தூசு தெரிந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் வராது. வெள்ளை நூல் கிளை கிளையாகப் பரவியது போல் தெரிந்தால் அது பூஞ்சை. அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். கோட்டிங்கை அரித்த பிறகு துடைத்தாலும் அடையாளம் போகாது.

நம்ம ஊர் வெயில் ஊர்தானே, பூஞ்சை எப்படி வரும் என்று கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய பீரோவுக்குள், அடுத்த முகூர்த்தம் வரை திறக்காமல் கிடக்கும் பையில்தான் வரும். அதிலும் தோல் உறையில் போட்டுவைத்த லென்ஸை இரண்டு முறை பாருங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் சரக்கில் நமக்குப் பெருமை உண்டு; வெளியே எடுத்துப்போக அந்த உறை அழகுதான், வருடக்கணக்கில் உள்ளேயே வைத்திருக்க உதவாது.

அடுத்து இதழ்கள். மே மாதத்தில் பைக் பெட்டிக்குள் வெந்த லென்ஸில் கிரீஸ் இளகி இதழ்மேல் எண்ணெய் படியும். நிக்கான் டி-யில் பின்புறம் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிவிட்டால் இதழ்கள் பளிச்சென்று விரிந்து மூட வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. கேனானில் கேமராவில் மாட்டி எஃப் 8 வைத்து, முன்னாலிருந்து லென்ஸுக்குள் பார்த்தபடி ஷட்டரை அழுத்துங்கள்.

கடைசியாக உங்கள் பாடியிலேயே மாட்டி, ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி 1.8-ல் ஒரு படம், 5.6-ல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓர எழுத்து தெளிவாகவும் வலது ஓர எழுத்து மங்கலாகவும் இருந்தால், முதலில் கேமரா நேராக இருந்ததா என்று பார்த்து இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் அதேதான் என்றால் எப்போதோ விழுந்து உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. ஸ்க்ரூக்களின் தலையில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் என்று விற்பவரைக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு ஃபில்டர் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். கேனான் இரண்டாம் பதிப்புக்கும் நிக்கான் டி-க்கும் 52 மி.மீ.; கேனான் எஸ்டிஎம்முக்கு 49, நிக்கான் ஜி-க்கு 58. கையில் ஏற்கெனவே 52 ஃபில்டர் இருந்து எஸ்டிஎம் வாங்கினால், 49-லிருந்து 52-க்கு ஏற்றும் ஸ்டெப்-அப் ரிங் ஒன்று போதும். 52-ஐ 58-ல் மாட்டும் ரிங்கும் கிடைக்கும். ஆனால் சின்ன ஃபில்டர் வெளிச்சத்தை மறைத்துப் படத்தின் மூலைகள் இருண்டுபோக வாய்ப்பு உண்டு என்பதால், ஜி-க்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடுங்கள்.